ஆஸ்துமா மருந்துச் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமா இருப்பவர்களும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் மருந்துச் செலவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்துதான். இந்த நோயில் பணத்தைத் தின்பது தினமும் எடுக்கும் மருந்து மட்டும் இல்லை. நுரையீரலுக்குப் போய்ச் சேராமல் வீணாகும் மருந்தும், அதனால் வரும் திணறலும், நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதைவிட அதிகம் தின்கின்றன. சிக்கனத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மருந்தையோ அளவையோ மாற்றுவது எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

இன்ஹேலரில் இருப்பது பழைய மருந்துதானே, பிறகு ஏன் இவ்வளவு விலை?

நியாயமான கேள்வி. திணறும்போது எடுக்கும் நிவாரண இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் 1969இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அழுத்தி எடுக்கும் இன்ஹேலர் என்ற கருவி அதற்கும் முந்தையது, 1956இல் வந்தது. மருந்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது மருந்துக்கு மட்டும் இல்லை, கருவிக்கும் சேர்த்து. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே அளவு மருந்தை அளந்து வெளியே விடும் வால்வு, மருந்தைத் தள்ளும் வாயு, பொடியைச் சிதறடிக்கும் அமைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காப்புரிமை இருக்கும்.

இதற்குத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி பழைய இன்ஹேலர்களில் மருந்தைத் தள்ள இருந்த, ஓசோனைக் கெடுக்கும் சிஎஃப்சி வாயுவை மாற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2008 முடிவோடு சிஎஃப்சி சால்பியூட்டமால் இன்ஹேலர்களின் விற்பனை நின்றது. அதுவரை மலிவாகக் கிடைத்த ஜெனரிக் இன்ஹேலர்கள் (காப்புரிமை முடிந்த மருந்தை மற்ற நிறுவனங்களும் செய்து விற்பவை) மறைந்து, புதிய வாயுவோடு காப்புரிமை பெற்றவை அந்த இடத்துக்கு வந்தன. மருந்து அதேதான், விலை மட்டும் ஏறியது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மாத்திரைக்கு ஜெனரிக் செய்வதுபோல இன்ஹேலருக்குச் செய்துவிட முடியாது. மருந்துத் துகள் அதே அளவில், அதே இடத்தில் போய்ப் படிகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டும், சுவாசக் குழாயை நீண்ட நேரம் தளர்த்தும் சால்மெட்டராலும் சேர்ந்த வட்ட வடிவப் பொடி இன்ஹேலருக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது. அதன் முதல் ஜெனரிக்குக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2019இல்தான்.

தடுப்பு இன்ஹேலர் விலை அதிகம், நிவாரண இன்ஹேலர் மலிவு. மலிவானதை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நிவாரண இன்ஹேலர் இறுகிப்போன சுவாசக் குழாயைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இருக்கும் தடுப்பு இன்ஹேலர். வீக்கம் அப்படியே இருந்தால் திணறல் திரும்பத் திரும்ப வரும், நிவாரண மருந்து இன்னும் அதிகமாகத் தேவைப்படும், ஒருநாள் அதுவும் போதாமல் போகும்.

உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா என்ற அமைப்பு, சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்தை மட்டும் கொடுத்து இந்த நோய்க்குச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்று 2019இல் சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், நோய் லேசாக இருந்தாலும் இது பொருந்தும். 200 பஃப் (ஒரு அழுத்தலில் வரும் மருந்து ஒரு பஃப்) உள்ள நிவாரண இன்ஹேலர் வருஷத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் காலியாகிறது என்றால் கடுமையான தாக்குதல் வரும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. எத்தனை இன்ஹேலர் வாங்கினோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை மருத்துவரிடம் சொன்னாலே உங்கள் நிலைமை அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

இதற்காக நிவாரண இன்ஹேலர் இல்லாமல் இருந்துவிடவும் கூடாது. இரண்டும் வாங்க முடியவில்லை என்றால் ஒன்றை நீங்களே கைவிடாதீர்கள். மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரே இன்ஹேலரில் இரண்டு வேலையும் முடியுமா என்று கேளுங்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஒரே இன்ஹேலரை இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் இரண்டு மருந்து சேர்ந்து வரும் எல்லாக் கூட்டு இன்ஹேலருக்கும் அது பொருந்தாது. புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டோடு, சுவாசக் குழாயைத் தளர்த்தும் ஃபார்மோட்டெரால் சேர்ந்த இன்ஹேலராக இருக்க வேண்டும். ஃபார்மோட்டெரால் சில நிமிஷங்களிலேயே வேலை செய்யத் தொடங்கும், அதன் விளைவு நீண்ட நேரம் நிற்கவும் செய்யும். அதனால் திணறும்போது அதையே எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போகிறது. சால்மெட்டரால் இருக்கும் கூட்டு இன்ஹேலர் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதைத் திணறலுக்கு எடுக்கக் கூடாது.

லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது செலவையும் குறைக்கலாம். 2018இல் வெளியான சிக்மா 1 என்ற ஆய்வில் ஒரு பிரிவினர் புடெசோனைடை தினமும் எடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் புடெசோனைடு ஃபார்மோட்டெரால் இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தார்கள். தினமும் எடுத்தவர்கள் உள்ளிழுத்த ஸ்டீராய்டு இடைநிலை அளவாக (பாதிப் பேர் இதற்குக் கீழ், பாதிப் பேர் மேல்) நாளுக்கு 340 மைக்ரோகிராம், தேவைக்கு எடுத்தவர்களுக்கு 57 மைக்ரோகிராம். கடுமையான தாக்குதல்கள் இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அன்றாடத் தொந்தரவு இல்லாமல் இருப்பதில் மட்டும் தினமும் எடுத்தவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். ஆக, அடிக்கடி தொந்தரவு இருப்பவருக்கு இது தினசரி மருந்துக்கு மாற்று ஆகாது. அவர்கள் அதே இன்ஹேலரை தினமும் எடுத்து, திணறும்போது கூடுதலாகவும் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை பஃப் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூச்சு நன்றாக இருக்கும் மாதங்களில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தி வைத்தால் மிச்சம்தானே?

மூச்சு நன்றாக இருப்பதே பல நேரங்களில் அந்த மருந்தால்தான். நிறுத்திய மறுநாளே எதுவும் ஆகாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். வீக்கம் சில வாரங்களில் மெதுவாகத் திரும்பும், பிறகு ஒரு சளி பிடித்தாலே போதும். நீங்களாக நிறுத்துவது ஒன்று, மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகக் குறைப்பது வேறொன்று. இரண்டாவதில் உண்மையாகவே பணம் மிச்சமாகும்.

அப்படியென்றால் அளவைக் குறைப்பது எப்போது சாத்தியம்?

சுமார் மூன்று மாதம் தொந்தரவு எதுவும் இல்லாமல் போயிருந்தால் கேட்கலாம். இரவில் இருமி எழவில்லை, நிவாரண மருந்து அரிதாகத்தான் தேவைப்பட்டது, படி ஏறினால் இளைக்கவில்லை என்பதெல்லாம் நல்ல அறிகுறிகள். பலர் ஒருமுறை கடுமையாக வந்தபோது எழுதிய பெரிய அளவை வருஷக்கணக்கில் அப்படியே தொடர்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் குறைக்கவில்லை. "இதைவிடக் குறைந்த அளவு எனக்குப் போதுமா என்று பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். கர்ப்ப காலத்திலும், சளி காய்ச்சல் இருக்கும்போதும், பயணம் போகும் நேரத்திலும் குறைத்துப் பார்க்க வேண்டாம்.

இன்ஹேலர் எடுக்கும் முறைக்கும் செலவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. இன்ஹேலர் எடுப்பவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேர் வரை அதைச் சரியாக எடுப்பதில்லை என்று ஜினா சொல்கிறது. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வயிற்றுக்குள் போகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும், மருத்துவர் அளவைக் கூட்டுவார், செலவும் கூடும். முறையைத் திருத்தியிருந்தால் பழைய அளவே போதுமாக இருந்திருக்கும்.

அழுத்தும் இன்ஹேலரை எடுப்பது இப்படி. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகப் பற்றிக்கொண்டு மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்குங்கள். தொடங்கிய அந்த நொடியில் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்திய பிறகும் நான்கைந்து நொடி நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பத்து நொடி மூச்சை அடக்குங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். வேகவேகமாக இரண்டு தடவை சேர்த்து அழுத்தினால் இரண்டும் வீண்.

பொடி இன்ஹேலர் இதற்கு நேர்மாறு. அதைக் குலுக்கத் தேவையில்லை. மெதுவாக இழுத்தால் பொடி உள்ளே போகாது, வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை விட்டுவிடாதீர்கள், ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். கேப்சூல் போட்டு இழுக்கும் வகையில் கேப்சூலுக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இன்னொரு முறை இழுங்கள். அந்த கேப்சூலை மாத்திரைபோல விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அதனால் மூச்சுக்கு எந்தப் பலனும் இல்லை.

அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோங்கள். அவர் முன்னாலேயே ஒரு தடவை எடுத்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள். மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநரிடமும் கேட்கலாம். இதைவிட மலிவான சிகிச்சை மேம்பாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஸ்டீராய்டு எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம், அதற்கென்று தனியாக ஒரு மருந்துச்சீட்டு எழுத வேண்டியிருக்கும்.

ஸ்பேசர் கூடுதல் செலவுதானே?

ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய். ஒரு தடவை செய்யும் செலவு, போட்ட காசைத் திருப்பித் தரும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற சிக்கலே அதில் இல்லை. மருந்து குழாயில் நின்று, நீங்கள் இழுக்கும்போது உள்ளே போகும். தொண்டையில் படிவது குறையும். அழுத்தும் இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் கட்டாயம் வேண்டும், சின்னக் குழந்தை என்றால் முகமூடியும் சேர்த்து. பொடி இன்ஹேலருக்கு மட்டும் ஸ்பேசர் தேவையில்லை.

அதையும் வாங்க முடியாத நிலை இருக்கத்தான் செய்கிறது. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியில் இன்ஹேலரின் வாய்ப்பகுதி கச்சிதமாகப் பொருந்தும்படி துளை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி ஸ்பேசராகப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் திணறலோடு வந்த குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. அதில் இப்படி ஒட்டிய பாட்டில், கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. சாதாரண டம்ளர் அந்த அளவுக்குச் சரிவரவில்லை. பாட்டிலைத் தயார் செய்தால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நெபுலைசர் மெஷின் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லதா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. நெபுலைசர் என்பது மருந்துத் திரவத்தை நுண்ணிய துளிகளாக்கி மூச்சோடு இழுக்கத் தரும் மெஷின். புகைபோல வருவதால் பலமான மருந்து என்று தோன்றும், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சால்பியூட்டமால்தான். உயிருக்கு ஆபத்தில்லாத அளவு தாக்குதலில் ஸ்பேசரோடு இன்ஹேலர் எடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. ஸ்பேசரில் எடுத்த குழந்தைகளுக்குப் படபடப்பும் குறைவாக இருந்தது. மெஷினுக்கு வைத்திருக்கும் காசில் ஸ்பேசரும் சில மாதத்துக்கான தடுப்பு மருந்தும் வாங்கிவிடலாம். வீட்டில் மெஷின் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம்" என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடத் தோன்றும்.

இரண்டு இன்ஹேலர்களின் விலையை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

பெட்டியின் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 120 பஃப் உள்ள இன்ஹேலரைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்தால் 30 நாள் வரும். 200 பஃப் உள்ளது 50 நாள் வரும். 30 கேப்சூல் உள்ள டப்பா, வேளைக்கு ஒன்று என்று இரண்டு வேளை எடுத்தால் 15 நாளில் தீரும். இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், விலை குறைவாகத் தெரிந்த டப்பாவே மாதக் கடைசியில் அதிகச் செலவு வைப்பது புரியும்.

அப்புறம் வீரியம். 100 மைக்ரோகிராம் இன்ஹேலரில் வேளைக்கு இரண்டு பஃப் எடுப்பவருக்கு, அதே மருந்து 200 மைக்ரோகிராமில் இருந்தால் வேளைக்கு ஒரு பஃப் போதும். 120 பஃப் இன்ஹேலர் 60 நாள் வரும். பல நேரங்களில் 200 மைக்ரோகிராமின் விலை 100 மைக்ரோகிராமைப் போல இரண்டு மடங்காக இருக்காது. ஸ்டீராய்டு மட்டும் உள்ள இன்ஹேலருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். கூட்டு இன்ஹேலரில் கூடவே இருக்கும் இன்னொரு மருந்தின் அளவு மாறிவிடும் என்பதால் அங்கே மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெவ்வேறு ஸ்டீராய்டுகளை மைக்ரோகிராம் பார்த்து ஒப்பிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். 200 மைக்ரோகிராம் ஃப்ளூட்டிகசோனும் 200 மைக்ரோகிராம் புடெசோனைடும் ஒரே வீரியம் இல்லை. பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டிலேயே மிக நுண்ணிய துகளாக வருவதற்குப் பாதி அளவு போதுமாக இருக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று கடையில் நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஜெனரிக் இன்ஹேலர் தரமாக இருக்குமா?

அங்கீகாரம் பெற்ற ஜெனரிக்காக இருந்தால் தாராளமாக வாங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சால்பியூட்டமாலும் புடெசோனைடும், புடெசோனைடு ஃபார்மோட்டெரால் கூட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு ஜெனரிக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கவனிக்க வேண்டியது கருவியைத்தான். அழுத்தும் வகைக்குப் பழகியவர் கையில் பொடி வகையைக் கொடுத்தால், மருந்து அதேயாக இருந்தும் எடுக்கும் முறை தலைகீழாகிவிடும். மாறும்போது அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று முதலிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். மருந்து வேறு வேறாக இருந்தாலும் எல்லாமே ஒரே வகைக் கருவியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது.

மாத்திரையும் சிரப்பும் மலிவாக இருக்கின்றனவே, அதையே எடுத்தால் என்ன?

சால்பியூட்டமால் மாத்திரையும் சிரப்பும் ரத்தம் வழியாக உடம்பு முழுவதும் போகும். அதனால் அளவு அதிகமாகத் தேவை, பலன் மெதுவாகக் கிடைக்கும், கை நடுக்கமும் படபடப்பும் கூடுதல். சுவாசக் குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான தியோஃபிலின் மாத்திரையில் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது.

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை கடுமையான தாக்குதலில் உயிர் காக்கும், அந்த நேரத்தில் மருத்துவர் கொடுத்தால் தயங்காதீர்கள். ஆனால் அது மலிவு என்பதற்காக அடிக்கடி எடுப்பது பெரிய நஷ்டம். வாழ்நாளில் நான்கைந்து சுற்று எடுத்தவர்களுக்கே சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம் போன்றவற்றின் ஆபத்து கூடுகிறது. அந்த நோய்களுக்கெல்லாம் தனித்தனியாக மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியிருக்கும். இன்ஹேலர் என்றால் பயந்து, "ஸ்டீராய்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டை மாத்திரையாக விழுங்குபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மான்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்கு உதவும், ஆனால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அளவுக்குப் பலன் தராது. தூக்கத்திலும் மனநிலையிலும் மாற்றங்கள் வரலாம் என்பதால் 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கெட்ட கனவு, எரிச்சல், சோர்ந்துபோவது போன்றவற்றைக் கவனியுங்கள்.

இன்ஹேலரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராக இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், தினமும் எடுக்கும் இன்ஹேலரில் திறந்த தேதியையும், மேலே சொன்ன கணக்குப்படி தீர வேண்டிய தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சரியான விடை தராது, வால்வும் கெட்டுப்போகும். குலுக்கினால் சத்தம் வருகிறது, அழுத்தினால் காற்று வருகிறது என்பதெல்லாம் மருந்து இருப்பதற்கு அடையாளம் இல்லை. மருந்து தீர்ந்த பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும்.

இன்னும் மருந்து இருக்கும் இன்ஹேலரைத் தூக்கிப் போடுவதும் நடக்கிறது. பல நாள் எடுக்காமல் வைத்திருந்தால் முதல் ஓரிரு அழுத்தலில் சரியாக வராது. சில பஃப்களைக் காற்றில் விட்டபின் எடுங்கள். எத்தனை என்பது உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும்.

காலாவதியான இன்ஹேலர், தெரிந்தவர் கொடுத்த இன்ஹேலர் எல்லாம் எடுக்கலாமா?

வழக்கமாக எடுக்க வேண்டாம். சில பொடி இன்ஹேலர்களுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் தேதியைத் தவிர, உறையைப் பிரித்த பிறகு ஒரு மாதம் என்பதுபோல இன்னொரு கெடுவும் உண்டு. அதனால் மூன்று பெட்டி வாங்கினாலும் ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். ஈரமான குளியலறையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். மற்றவருக்கு எழுதிய இன்ஹேலர் உங்களுக்குப் பொருந்தாத மருந்தாகவோ வீரியமாகவோ இருக்கலாம். இணையத்தில் வாங்கும்போது, உரிமம் பெற்ற, மருந்துச்சீட்டு கேட்கும் கடையாகப் பாருங்கள். சீட்டே வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் விலை குறைந்தாலும் விலகிவிடுங்கள்.

மருத்துவரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறதே?

பேசித்தான் ஆக வேண்டும். எழுதிய மருந்தை நீங்கள் வாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியாவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து அதைவிட விலை அதிகமானதை எழுதுவார். "இது என்னால் மாதாமாதம் வாங்க முடியாது" என்ற ஒரு வாக்கியம் போதும். கூடவே இவற்றையும் கேளுங்கள். பிராண்டுப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரில் எழுதித் தர முடியுமா? இதே வகையில் விலை குறைந்தது உண்டா? என் காப்பீட்டுப் பட்டியலில் இருப்பதாக எழுத முடியுமா? மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதலாமா? இந்தச் சீட்டில் இருக்கும் இருமல் மருந்து, வைட்டமின், ஆன்டிபயாடிக் எல்லாம் ஆஸ்துமாவுக்கு அவசியமா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். பாக்டீரியா தொற்று இருந்தால் ஒழிய, ஆஸ்துமா தாக்குதலுக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை.

காப்பீடு, உதவித் திட்டங்கள் பற்றி?

இடத்துக்கு இடம் விதிகள் மாறும். உங்கள் காப்பீடு வெளிநோயாளி மருந்துக்கும் பணம் தருமா, படுக்கையில் சேர்ந்தால் மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். தரும் என்றால், எந்த இன்ஹேலரை வாங்கினால் உங்கள் பங்கு குறைவு என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியல் வருஷா வருஷம் மாறக்கூடியது. பொது மருத்துவமனையில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ இன்ஹேலர் தருகிறார்களா என்று விசாரியுங்கள். சில மருந்து நிறுவனங்கள் வசதி குறைந்தவர்களுக்கு உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் விண்ணப்பம் நிரப்பவும் உதவுவார்.

எனக்கு இருப்பது உண்மையில் ஆஸ்துமாதானா என்று சந்தேகம். சோதனைக்குச் செலவு செய்யலாமா?

செய்யலாம், சில நேரம் செய்தே ஆக வேண்டும். கனடாவில் ஆஸ்துமா என்று முன்பு சொல்லப்பட்ட 613 பெரியவர்களை மறுபடி முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்போது ஆஸ்துமா இருப்பதாகத் தெரியவில்லை. 2017இல் வெளியான ஆய்வு அது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையை இதுவரை செய்ததே இல்லை என்றால் கேளுங்கள். தேவையில்லாத மருந்தை ஆண்டுக்கணக்கில் வாங்குவதை அது தவிர்க்கலாம். வேறு நோய் இருந்தால் அதுவும் தெரியவரும். சோதனைக்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், எதை எப்போது நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் கருவி வாங்கினால் மருந்து குறையுமா?

அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். காசில்லாமல் செய்யக்கூடியவை முதலில். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்காமல் இருப்பது, சமைக்கும்போது புகை வெளியே போக வழி செய்வது, சுவரில் பூஞ்சை பிடிக்கும் ஈரத்தைச் சரிசெய்வது. திணறலைக் கிளப்புவது காற்று மட்டும் இல்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரொஃபேன் போன்ற வலி மாத்திரைகள் திணறலைக் கிளப்பும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா தடுப்பான்களும், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தும்கூட அப்படிச் செய்யலாம். வேறு நோய்க்காக எடுக்கும் மருந்துகளையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள், ஆனால் விலை மலைக்க வைக்கிறதே?

ஓமலிசுமாப், மெபோலிசுமாப், டுபிலுமாப் போன்ற உயிரியல் மருந்துகளைச் சொல்கிறார்கள். அதிக அளவு இன்ஹேலர் எடுத்தும் கட்டுக்குள் வராத கடும் ஆஸ்துமாவுக்கானவை இவை. சரியான ஆளுக்குக் கொடுத்தால் வாழ்க்கையையே மாற்றும். ஆனால் அதற்கு முன்னால் இன்ஹேலர் முறை சரியா, தினமும் எடுக்கிறீர்களா, நோய் ஆஸ்துமாதானா என்பதைச் சரிபார்த்திருக்க வேண்டும். சரிபார்க்காமல் ஊசிக்குத் தாவுவது வீண் செலவு. தொடங்கினால் குறைந்தது நான்கு மாதம் கழித்து பலன் இருக்கிறதா என்று மதிப்பிடுவார்கள். ஓமலிசுமாபுக்கு இணையான பயோசிமிலர் ஒன்றுக்கு ஐரோப்பாவில் 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது, அதனால் அந்த மருந்தின் விலை குறைய வழி பிறந்திருக்கிறது.

எந்தச் செலவைத் தள்ளிப்போடவே கூடாது?

ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவு திணறல், உதடு நீலமாவது, மயக்கம் அல்லது குழப்பம், நிவாரண மருந்து எடுத்தும் குறையாதது, அல்லது குறைந்து சற்று நேரத்திலேயே திரும்ப வருவது. குழந்தை என்றால் விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கப்படுவது, பால் குடிக்க முடியாமல் தவிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காசைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள், வழியில் நிவாரண மருந்தை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே போங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சுமார் 4,55,000 பேர். அதில் பெரும்பாலோர் மருந்து எளிதில் கைக்கு எட்டாத, குறைந்த வருமானமும் கீழ்நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். வீடு திரும்பியதும் ஒரு வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்து, தாக்குதல் ஏன் வந்தது, எந்த மருந்து விட்டுப்போயிருந்தது, அடுத்த முறை என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.